தூரத்திலிருந்து பூட்ட முடியாத பெட்டி

சங்கீதாவின் மேசைக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். பக்கத்து மூடி கிடையாது. விசிறிகள் வெளியே தெரியும். திரையைப் பார்த்தால் மட்டும் சாட்சாத் மேக் கணினி. தங்கள் கணினியில் மட்டுமே ஓடலாம் என்று தயாரித்தவர்கள் எழுதிவைத்த மென்பொருளை, துண்டு துண்டாக வாங்கிக் கோத்த அந்தப் பெட்டியில் அவள் ஓட வைத்திருந்தாள். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு.

ஆசைப்பட்டுச் செய்ததல்ல. மூன்று வருடங்களுக்கு முன், பாசிர் ரிஸ் வீட்டையும் கணவன் ஸ்ரீராமையும் விட்டு வந்தபோது அவள் கையில் இருந்தவை ஒரு சூட்கேசும் ஓர் அசல் மேக்கும். மறுநாள் திறந்தால், பூட்டப்பட்டிருப்பதாகத் திரை சொன்னது. வாங்கியது அவன் பெயரில். வீட்டில் இருந்தபடியே பூட்டிவிட்டான்! யாரோ ஒரு பெண்ணின் தாலிகட்டு உள்ளே பாதியில் நின்றது. வாங்கியவர் வந்தால்தான் திறக்க முடியும் என்று சர்வீஸ் சென்டரில் பணிவாகச் சொன்னார்கள்.

அன்று அழுததுதான். புக்கிட் மேராவில் அறை எடுத்து, பெட்டியைக் கோத்தாள். பதினொரு முறை திரை கறுத்தது. பன்னிரண்டாம் முறை விடிந்தது.

அவளிடம் வேலை கொடுத்துவந்த ஃபேரர் பார்க் ஸ்டூடியோ முதலாளி சாகுல் ஹமீது, இப்போது நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார். வாடிக்கையாளர்கள் வந்துபோகும் இடம், அதனால் திங்கட்கிழமை அசல் மேக்கோடு வர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. செய்தி எப்படியோ ஸ்ரீராம் காதுக்கு எட்ட, சனிக்கிழமை புத்தம்புது மேக் டப்பாவோடு அவள் வாசலில் நின்றான்.

வந்தவனுக்குக் குடிக்கத் தே வாங்க அவள் கீழே காப்பிக்கடைக்குப் போய் வருவதற்குள், திரையில் வந்த ‘அப்டேட்’ அறிவிப்பை அவன் அழுத்தியிருந்தான். அழுத்தினால் பெட்டி படுத்துவிடும் என்று மூன்று வருடமாக அவள் ‘பிறகு’ என்று தள்ளிவைத்த அறிவிப்பு. திரை கறுத்துக் கிடந்தது.

“நல்லதுக்குத்தான் அழுத்தினேன். ஒரிஜினலா இருந்தா இப்படி ஆகுமா? இந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்கு வா, சங்கீ.”

அவள் தரையில் உட்கார்ந்தாள். பெட்டிக்குள் கைவிட்டு, ஒரு வயரைப் பிடுங்கி இன்னொரு டிஸ்க்கில் மாட்டினாள். இப்படி ஒரு நாள் வரும் என்று முழு நகல் எடுத்து வைத்திருந்தவள் அவள். சற்று நேரத்தில் திரை வெளுத்தது. பாதியில் விட்ட கல்யாணத்தின் நாதஸ்வரம் அறையை நிறைத்தது. எழுந்து ஸ்ரீராமின் டப்பாவைக் கையில் எடுத்தாள்.

“புதுசு யார் பேர்ல வாங்கினீங்க?”

“என் பேர்லதான். கார்டு என்னோடதுல்ல.”

“அப்ப உங்ககிட்டயே இருக்கட்டும். என் பெட்டிய நான் உடைக்கலாம், எரிக்கலாம். பாசிர் ரிஸ்ல உக்காந்துகிட்டு ஒருத்தரும் பூட்ட முடியாது.”

டப்பாவை அவன் கையில் கொடுத்துக் கதவைத் திறந்து பிடித்தாள். தே இன்னும் ஆறவில்லை.

திங்கட்கிழமை, காய்கறி வாங்கும் தள்ளுவண்டியில் கறுப்புப் பெட்டி எம்ஆர்டி ரயில் ஏறி ஃபேரர் பார்க் வந்தது. சாகுல் ஹமீது அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு துணி போட்டு மூடிடலாம் லா என்று இறங்கி வந்தார்.

“மூட மாட்டேன், பாய். இதோட வர்றேன். இல்லன்னா வரல.”

மூன்று வருடமாக அவள் வெட்டிய கல்யாணங்களைப் பார்த்துத்தானே அவருக்குப் புதுக் கல்யாணங்கள் வந்தன? பெருமூச்சு விட்டு, வாசலைப் பார்த்த மேசையைக் காட்டினார்.

சங்கீதா குனிந்து பிளக்கைச் சொருகினாள்.