வாசலில் விட்ட ஷூ

சரித்திர ஆராய்ச்சி என்பது, செத்துப்போனவர்களின் ரகசியங்களைத் தைரியமாகத் துருவிவிட்டு, உயிரோடு இருப்பவர்கள் வீட்டு அழைப்பு மணியை அடிக்கக் கை நடுங்கும் தொழில். நான் திருச்சிக்காரி. நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அமெரிக்கச் சரித்திரத்தில் பிஎச்.டி. செய்கிறேன். "அமெரிக்காவுக்குப் போய் அமெரிக்க சரித்திரமா?" என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. என்னைப் போலவே ஸ்டூடன்ட் விசாவில் காலம் தள்ளிக்கொண்டு, ஈமெயிலைத் திறக்கும் போதெல்லாம் குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொள்ளும் சக பாவிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இலவசமாகக் கிடைப்பது

ரஷ்யா அணுகுண்டு போடும் என்று இந்த நாடு பயந்துகொண்டிருந்த காலத்தில், பல குடும்பங்கள் பேஸ்மென்டிலோ தோட்டத்துக்கு அடியிலோ கான்கிரீட்டில் ஒரு பதுங்கு அறை கட்டின. உள்ளே தண்ணீரும் டப்பா சாப்பாடும் அடுக்கிவைத்துக் காத்திருந்தன. குண்டு விழவில்லை. அறைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. வீடு வீடாகப் போய் அவற்றைப் பார்ப்பதும், அங்கே இருப்பவர்கள் சொல்வதை ரெக்கார்ட் பண்ணுவதும் என் வேலை. அமெரிக்கர்கள் எப்படிப் பயந்தார்கள் என்பதுதான் என் தலைப்பு.

என் ரூம்மேட் வித்யா கோயம்புத்தூர்க்காரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். படித்து முடித்ததும் வேலை கிடைக்குமா, கிடைத்தாலும் விசா கிடைக்குமா என்று தினமும் காபியோடு சேர்த்துக் கவலையையும் குடிப்பவள். என் தலைப்பைக் கேட்டுவிட்டு லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "பயத்தைப் போய் யாராவது ரிசர்ச் பண்ணுவாங்களாடி? எனக்கு அது ஃப்ரீயாவே வருது."

ரஷ்யாக்காரன்

ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, எழுபதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். அவருடைய அப்பா கட்டிய அறை அப்படியே இருக்கிறது, வந்து பார் என்று போனில் சொல்லியிருந்தார். போனேன். போனவள், பிறந்ததிலிருந்து செய்வதைச் செய்தேன். ஷூவைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு சாக்ஸோடு உள்ளே நுழைந்தேன். இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கால் கேட்க வேண்டாமா? அவர் பேசிக்கொண்டே முன்னால் போக, கதவைச் சரியாகச் சாத்தாமல் பின்னாலேயே போனேன்.

எதிர்வீட்டுக்காரர் இதைத் தன் வாசல் கேமராவில் பார்த்திருக்கிறார். மாநிறத்தில் யாரோ ஒருத்தி, கையில் பை, ஷூவைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போகிறாள், கதவு திறந்து கிடக்கிறது. பாட்டியம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கிறார். பூமிக்கடியில் கான்கிரீட்டுக்குள் சிக்னல் ஏது? போலீசுக்குப் போன் பண்ணிவிட்டார்.

நாங்கள் படியேறி வந்தபோது ஹாலில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் கை இடுப்புத் துப்பாக்கியின் மேல் இருந்தது. "கைகள் தெரியட்டும்" என்றார். என் கையில் சின்ன ரெக்கார்டர். அதைக் கீழே போடுவதா, உயர்த்துவதா என்று தெரியாமல் நின்றேன். அந்தப் பெண்மணி சத்தம் போட்டு விளக்கிய பிறகுதான் கை இடுப்பை விட்டு இறங்கியது. ஆனாலும் என் பெயர், பிறந்த தேதி, விசா எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். தப்பு எதுவும் இல்லை, வழக்கமான நடைமுறைதான் என்றார்கள். அவர்கள் போன பிறகு ஷூ லேஸைக் கட்ட முடியாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்மணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என்னைச் சிரிக்கவைப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க அப்பா சாகுற வரைக்கும் ரஷ்யாக்காரன் வருவான்னு காத்திருந்தார். கடைசியில நீ வந்திருக்கே."

கல்யாணத்துக்குப் போகாத அக்கா

தப்பு எதுவும் இல்லைதான். ஆனால் என் பெயர் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. அது அங்கேயே தூங்குமா, ஒருநாள் எழுந்து வருமா என்பது யாருக்கும் தெரியாது. அந்தச் சமயம் பார்த்துத் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முடிந்துவிட்டது. படித்துக்கொண்டு இங்கேயே இருக்கும் வரை பிரச்சினை இல்லை. ஊருக்குப் போனால் சென்னையில் மறுபடி இன்டர்வியூ கொடுத்து, புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும். "போலீஸ் உங்களை எப்போதாவது விசாரித்ததா?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? விசாரித்தது, காரணம் ஷூ என்றா?

வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மணி கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். போகாதே என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லையாம். அவராக இருந்தால் போகமாட்டாராம். போய்த் திரும்ப முடியாமல் போனால், பாதி எழுதிய ஆராய்ச்சியும் கழிந்துபோன வருஷங்களும் இந்தக் கரையிலேயே நின்றுவிடும். பயந்தேன். போகவில்லை. தாலி கட்டுவதைப் போனில் பார்த்தேன். யார் கையிலோ இருந்த அந்தப் போன் பாதி நேரம் மண்டபத்து ஃபேனையே காட்டியது. அக்காவுக்குப் பரீட்சை என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். பந்தி முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, கோபமும் அழுகையுமாக அவள் கேட்டது ஒன்றுதான்: "நீ யாருக்கு என்னடி கெடுதல் பண்ணினே? செருப்பைத்தானே கழட்டினே?"

கீழே வராத டாக்டர்

அதன் பிறகு கொஞ்ச நாள் முன்பின் தெரியாத வீடுகளை விட்டுவிட்டு, தெரிந்தவர்கள் மூலமாகவே போனேன். யாழ்ப்பாணத்து டாக்டர் ஆன்ட்டி ஒருவர் வாங்கிய பழைய வீட்டில் அப்படி ஓர் அறை இருந்தது. தேநீர் கொடுத்தார், கறி அடைத்துப் பொரித்த ரோல்ஸ் கொடுத்தார். பேஸ்மென்ட் கதவு வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். சாவியை என் கையில் கொடுத்தார். வீடு வாங்கி இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் ஒருமுறைகூடப் போனதில்லையாம். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சின்னனில, குண்டு விழேக்க பங்கருக்குள்ள இருந்துதான் பிள்ளை படிச்சனாங்கள்," என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நீர் போய்ப் பாரும். நான் வரேல்லை. அதுக்குள்ள இருந்து வெளிய வாறதுக்குத்தான் நான் இந்த நாட்டுக்கே வந்தனான்."

ஊர் பெயர் சொல்லமாட்டேன்

கடைசியாகப் போன வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். நியூ ஜெர்சியா என்றும் கேட்காதீர்கள். தமிழ்க் குடும்பம். தெரிந்தவர் மூலம் பேசியபோது அந்த ஆன்ட்டி உடனே வரச் சொன்னார். வாசலில் ஏதோ ஒன்று உறுத்தியது. கோலம் இருந்தது, துளசித் தொட்டி இருந்தது, ஒரு செருப்புகூட இல்லை. தமிழர் வீட்டு வாசலில் செருப்புக் குவியல் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. ஷூவைக் கழற்றாமல் போவது என்று எனக்கு நானே போட்டிருந்த சட்டம், துளசியைப் பார்த்ததும் மறந்துபோனது. கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

பேஸ்மென்டில், கனத்த கதவுக்குப் பின்னால் அந்த அறை. உள்ளே சுருட்டிய பாய், தண்ணீர் கேன், சார்ஜர். சுவரோரம் வீட்டுச் செருப்பு மொத்தமும் வரிசையாக இருந்தது. லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து, "வாங்கக்கா" என்றான். என் தம்பி வயது.

"என் தம்பிம்மா," என்றார் ஆன்ட்டி. "காலேஜ்ல ஏதோ குழப்பமாகி விசா ஸ்டேட்டஸ் போயிடுச்சு, இப்ப இங்க இருக்கவே அனுமதி இல்ல. லாயர் பாத்துட்டிருக்கார். பகல்ல இங்கதான் இருக்கான். இமிக்ரேஷன்காரங்க யாராவது வந்து கதவைத் தட்டிடுவாங்களோன்னு பயம். நீயும் ஸ்டூடன்ட் விசாதானே, ஏதாவது வழி தெரிஞ்சிருக்கும்னுதான் உன்னை வரச் சொன்னேன்."

எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் தம்பி கல்யாணத்துக்குப் போயிருப்பேனே. கையில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அணைத்து, பதிவானதை அவர்கள் எதிரிலேயே அழித்தேன். எல்லா வீட்டிலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, "எதற்காகப் பயந்தீர்கள்?" என்பது. இங்கே கேட்கவில்லை. அவனிடம் எந்த காலேஜ், என்ன படிப்பு என்று ஏதேதோ கேட்டேன். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

இதற்குள் ஆன்ட்டி மேலே போய்விட்டுத் திரும்பினார். கையில் என் ஷூ. அதை மற்ற செருப்புகளோடு வரிசையில் வைத்துவிட்டு, காபிக்கு டிகாஷன் போடப் போகிறவர் குரலில் சொன்னார்: "வெளிய விடாதம்மா. எண்ணிப் பாத்தாங்கன்னா உள்ள எத்தனை பேர்னு தெரிஞ்சிடும்."

இத்தனை வருஷம் அமெரிக்கச் சரித்திரம் படித்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான் சக பாவிகளே: இந்த நாட்டில் யார் வீட்டுக்குப் போனாலும் ஷூவைத் தாராளமாகக் கழற்றுங்கள், ஆனால் வாசலில் விடாமல் கையோடு உள்ளே கொண்டுபோய்விடுங்கள்.