முன்னாள் துணை கையெழுத்திடும் இடம்

பஸ்ரியனுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் தேவையில்லை. லிஃப்ட் பிந்தி வந்தாலும் கோபம், வந்தவுடன் கதவு மூடினாலும் கோபம். ரொறொன்ரோ நகரத்துச் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினேழாம் மாடியில் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் நல்ல பழக்கம்.

படுக்கையறை அலுமாரிக்குள் இரும்புப் பெட்டகம் ஒன்று நிலத்தோடு பூட்டி இறுக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் பொயின்ற் இருபத்திரண்டு ரவை போடும் ரைபிள் ஒன்று, ஒரு பிஸ்ரல், அரசாங்கம் ஒரே நாளில் தடை செய்து, ஒப்படைக்கத் தவணை கொடுத்திருக்கிற இன்னொரு ரைபிள். ஒவ்வொன்றின் விசையிலும் தனிப் பூட்டு. ரவைகள் வேறோர் அறையில், வேறொரு பெட்டியில். சாவிகள் அவர் கழுத்தில், அந்தோனியார் பதக்கத்தோடு சேர்ந்து தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார்.

"சட்டம் பிழையெண்டா எதிர்த்துக் கதை. ஆனா இருக்கிற சட்டத்தை ஒரு புள்ளி மீறாதை" என்பது அவர் பேச்சு. அதை ரேஞ்சில் எல்லோருக்கும் சொல்லுவார், கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். ரொறொன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலம் வடக்கே ஓடினால் வருகிற அந்தச் சூட்டுக்களத்தில், பட்டாளத்துக்காரர்போல உடுத்திக்கொண்டு வரும் இளைஞர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். துவக்கில் மூவாயிரம் டொலருக்குத் தொலைநோக்கி பூட்டியிருப்பான், குழல் துடைக்கத் தெரியாது. பஸ்ரியன் பதினைந்து வருஷமாக ஒரே காதடைப்பானைத்தான் வைத்திருக்கிறார். உள்ளே இருக்கும் மெத்தையை மட்டும் மூன்று தரம் மாற்றியிருக்கிறார்.

அதைவிடப் பெரிய கோபம் ஒட்டாவா அரசாங்கத்தின் மேல். நகரத்தில் எவனோ எல்லை கடத்திவந்த துவக்கால் சுடுகிறான். அடுத்த நாள் தொலைக்காட்சியில், லைசென்ஸ் எடுத்து, வகுப்புப் படித்து, பெயர் பதிந்து வைத்திருக்கிறவனுக்குப் புதுச் சட்டம் வருகிறது. இரண்டாயிரத்து இருபத்திரண்டிலிருந்து பிஸ்ரல் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, மகளுக்குக் கொடுக்கவும் முடியாது. இருக்கிறவன் வைத்திருக்கலாம், லைசென்ஸ் இருக்கும்வரை. லைசென்ஸ் போனால் பிஸ்ரலும் போகும், பிறகு திரும்ப எடுக்க வழியே இல்லை. "களவெடுக்கிறவனைப் பிடிக்க ஏலாது, கதவு பூட்டுறவனைப் பிடிக்கிறாங்கள்" என்று அவர் சத்தம் போடுவதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சத்தம்தான் கொஞ்சம் கூட.

மன்னாரில் வளர்ந்த காலம் முழுவதும் அவர் துவக்கின் முன்பக்கத்தை மட்டுமே கண்டவர். ஆமிக்காரனிடமும் கண்டார், மற்றவர்களிடமும் கண்டார். சைக்கிளை நிறுத்தி, கையைத் தூக்கி, அடையாள அட்டையை வாயில் கவ்விக்கொண்டு நின்றிருக்கிறார். நாற்பது வயதில், மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பண்டகசாலையில் கூட வேலை செய்த டக் என்ற வெள்ளைக்காரன் ஒருநாள் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனான். ஐந்து ரவை சுட்டார். ஒன்றும் இலக்கு மட்டையில் படவில்லை. ஆனால் கை நடுங்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி கிளடிசிடம், "இனி எனக்குப் பயமில்லை" என்றார். கிளடிஸ் அன்று அழுதாள்.

இதெல்லாம் தேவாலயத்தில் யாருக்குத் தெரியும்? அவரிடம் துவக்கு இருக்கிறது என்பது மட்டும் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய, அருள்நாயகம் என்ற பெரியவர் எல்லோர் முன்னாலும் கேட்பார்: "என்ன பஸ்ரியன், நீர் இன்னும் இயக்கத்தை விட்டு விலகேல்லையோ?" கூட்டம் சிரிக்கும். பஸ்ரியனும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். ஊரில் துவக்குத் தூக்கிய எந்த இயக்கத்திலும் ஒருநாளும் இருந்ததில்லை அவர்.

அவரிடம் இன்னொரு சட்டம் இருந்தது, அது ஒட்டாவா போட்டதல்ல. கோபத்தோடு துவக்கைத் தொடுவதில்லை. அதனால் மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் அவருக்குப் பெட்டகம் திறக்கக் கிடைக்கும்.

பங்குனி ஒன்பது அவருடைய பிறந்தநாள். லைசென்சும் அன்றோடு முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தைத் தை மாதமே நிரப்பத் தொடங்கியவர், ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டார். துணையின் கையெழுத்து வேண்டுமாம். கடந்த இரண்டு வருஷத்துக்குள் பிரிந்த துணை என்றாலும் வேண்டுமாம். கையெழுத்து இல்லாவிட்டால் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகமே அவளுக்கு அறிவிக்குமாம்.

கிளடிஸ் பிக்கரிங்கில் மகள் நிரோஷினி வீட்டில் இருக்கிறாள். ஒன்றரை வருஷமாக. "பேரப்பிள்ளையைப் பாக்கப் போயிருக்கிறா" என்பதுதான் ஊருக்குச் சொன்ன கதை. எங்கள் ஆட்களுக்கு இது தோதான கதை. பிள்ளை பார்க்கப் போகாத அம்மா எந்த வீட்டில் இருக்கிறாள்? யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. முதல் ஞாயிறுகளில் பஸ்ரியன் பிக்கரிங்குக்குக் கார் கொண்டுபோய் அவளை ஏற்றிவருவார். கோயிலில் இருவரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள், நற்கருணைக்கு ஒன்றாகப் போவார்கள். கலியாண வீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் சோடியாகத்தான். சொல்லிச் சொல்லிப் பஸ்ரியனுக்கே அந்தக் கதையில் முக்கால்வாசி நம்பிக்கை வந்துவிட்டது.

படிவத்தில் கேள்வி இருந்தது: கடந்த இரண்டு வருஷத்தில் பிரிவோ விவாகரத்தோ நடந்ததா? பஸ்ரியன் 'இல்லை' என்பதில் அடையாளம் போட்டார். இப்போதைய துணை என்ற கட்டத்துக்குள் கிளடிசின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார்.

மாசி முதல் ஞாயிறு பூசை முடிய, பிக்கரிங் போகும் வழியில் ஒரு கோப்பிக் கடை வாசலில் காரை நிறுத்தினார். படிவத்தையும் பேனையையும் நீட்டினார்.

"கீழ ஒரு கையெழுத்து. வாசிக்கத் தேவையில்லை."

கிளடிசுக்கு மருந்துக்கடையில் வேலை. அவள் வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைத்ததில்லை. கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். வெளியில் பனி தூறிக்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இதென்ன, 'இல்லை' எண்டு போட்டிருக்கிறியள்?"

"பின்ன? நீர் மகள் வீட்டிலதானே நிக்கிறீர்."

"அது ஊருக்குச் சொல்லுறது."

"உவங்களுக்கு ஏன் எங்கட வீட்டுக் கதை? உவங்கள் ஆர் கேக்க? ஒருத்தரையும் சுடாத மனிசனிட்ட, பெண்சாதி ஆர், எங்க படுக்கிறா எண்டு கேக்கிறாங்கள்! கடத்திற காவாலியிட்டக் கேக்கட்டும் பாப்பம்!" ஸ்டியறிங்கில் அடித்தார். ஹோர்ன் அலறியது. கோப்பியோடு நடந்துபோன ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

கிளடிஸ் காத்திருந்தாள். அவர் சத்தம் முடியும்வரை காத்திருப்பது அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம்.

"நான் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு சொல்லேல்ல. பொய்க்கு வைக்க மாட்டன்."

"ஓமெண்டு போட்டா விசாரிப்பாங்கள். உமக்கு ரெலிபோன் எடுப்பாங்கள். பிஸ்ரல் போனா போனதுதான், தெரியுமோ? உமக்கென்ன, உமக்குப் பயம் எண்டு சொல்லிப்போட்டு இருப்பீர்!"

"எனக்கு உங்கட துவக்கில ஒருநாளும் பயமில்லை." அவள் குரல் உயரவில்லை. "ரெலிபோன் எடுத்தாச் சொல்லுவன், இந்த மனிசன் துவக்கோட ஒரு பிழையும் விடாது எண்டு. அது உண்மை. நான் வயித்தில ஒப்பரேசன் செய்து வந்த அண்டைக்கு, கீழ காருக்குள்ள இருந்து எம்.பி.யின்ர ஒஃபிசோட ரெலிபோனில ஒரு மணித்தியாலம் கத்திக்கொண்டிருந்தியள். நான் தையலைப் பிடிச்சுக்கொண்டு தனிய லிஃப்டில ஏறி வந்தன். மேல வந்து என்ன செய்தியள்? கோபம் ஆறினாப் பிறகு குழல் துடைச்சியள்."

பஸ்ரியனுக்கு அந்த நாள் நினைவிருந்தது. எம்.பி. அலுவலகத்தில் பேசியவளின் பெயர்கூட நினைவிருந்தது. கிளடிஸ் எப்படி மேலே வந்தாள் என்பதை அன்று அவர் யோசிக்கவே இல்லை.

"அண்டைக்கு ஏன் சொல்லேல்ல?"

"எப்ப சொல்லுறது? நீங்கள் ஓயுற நேரம் எது?"

அவருக்கு வாய்நிறைய வார்த்தை வந்தது. இவள், ஒட்டாவா, அருள்நாயகம், எல்லோரும் சேர்ந்து தன்னை மூலைக்குள் தள்ளுகிறார்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் மடியில் கிடந்த படிவத்தின் அடியில், பொய்த் தகவல் தருவது குற்றம் என்று அச்சிட்டிருந்த வரியை அவர் கண்டுவிட்டார். ரேஞ்சில் எத்தனை பேரை அவர் அந்த வரிக்காகவே ஏசியிருப்பார்! ஒரு புள்ளி மீறாதை. வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து காது சுட்டது.

பேனையை வாங்கி 'இல்லை'யை வெட்டினார். 'ஓம்' பக்கத்தில் அடையாளம் போட்டார். வெட்டிய இடத்தில் தன் பெயரின் முதலெழுத்தை வைத்தார். அழுத்தி எழுதியதில் தாள் கிழியப் பார்த்தது.

கிளடிஸ் படிவத்தை எடுத்து, இப்போதைய துணை என்ற கட்டத்தில் அவர் பெரிய எழுத்தில் எழுதியிருந்த தன் பெயரை ஒரு கோட்டால் வெட்டினாள். அதன் கீழே, முன்னாள் துணை என்ற இடத்தில், தன் பெயரைத் தானே எழுதி ஆறுதலாகக் கையெழுத்து வைத்தாள்.

"அடுத்த மாதம் வர வேண்டாம். இனி நான் மகளோட அங்க கிட்டக் கோயிலுக்குப் போறன்."

மகள் வீட்டு வாசலில் அவள் இறங்கி, கார்க் கதவை மெல்லச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

பிறகு அலுவலகத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்ததாம். அவள் சொன்னபடியே சொன்னாளாம். பங்குனி முதல் கிழமை புது லைசென்ஸ் தபாலில் வந்தது, இன்னும் ஐந்து வருஷத்துக்கு. பஸ்ரியன் அட்டையைப் பார்த்தார். வழக்கம்போல ஒட்டாவாவை ஏச வாயெடுத்தார், ஒன்றும் வரவில்லை. அவர்கள் கேட்டது ஒரு கேள்வி. பொய் எழுதியது அவர். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு அவர் தனியாகப் போனார். வாங்கில் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. முடிந்து வெளியே வர, அருள்நாயகம் கோப்பிக் கோப்பையோடு காத்து நின்றார்.

"எங்க பஸ்ரியன், கிளடிசைக் காணேல்ல? பேரப்பிள்ளை விடேல்லையோ?"

பக்கத்தில் நின்றவர்கள் அவருடைய பதிலுக்குச் சிரிக்கத் தயாரானார்கள்.

"இல்லை அண்ணை!" பஸ்ரியனின் குரல் மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போனது. "பேரப்பிள்ளை பாக்கப் போகேல்ல. பிரிஞ்சு போனவ. ஒண்டரை வருஷமாச்சு. பிழை என்னில. நான் இயக்கத்திலயும் இருந்ததில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கோ. இனி உந்தக் கேள்வி கேக்காதையுங்கோ!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அருள்நாயகத்தின் கையிலிருந்த கோப்பி தளும்பி அவர் சப்பாத்தில் ஊற்றியது.

பஸ்ரியன் காருக்குள் வந்து இருந்தார். வெயில் நன்றாக எறித்தது, காற்றும் இல்லை, சுடுவதற்குத் தோதான நாள். புது அட்டை சட்டைப் பையில் இருந்தது. கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அன்று அவர் ரேஞ்சுக்குப் போகவில்லை.