முன்சக்கரங்களின் நடுக்கம்

ஆறு சக்கர டிப்பர் லாரி ஒன்றை நானே பொருத்தி முடித்திருந்தேன். முழங்கை நீளம்தான் இருக்கும். உதிரிகளாக வந்ததை எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் திருகு திருகாக முடுக்கி நிறுத்திய வண்டி. ஓட்டுவதற்கு ரிமோட் ஒன்றுதான் பாக்கி.

நான் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். தினமும் எங்கள் ஊரான ஊரிகத்தில் ரயிலேறிப் போய்த் திரும்புகிறவள். அதே பெட்டியில் வரும் எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவருக்கும் இந்த வண்டிப் பைத்தியம் உண்டு. "வாங்கறதுக்கு முன்னாடி கையில புடிச்சுப் பாருங்கக்கா. என்கிட்ட ரெண்டு தினுசும் கீது" என்றார்.

ஒரு ஞாயிறு காலை ஊருக்குப் பக்கத்துப் பாலகாட்டில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் மில் மண் மேட்டுக்குக் கீழே இருக்கும் கட்டாந்தரையில் கூடினோம். ஒரு ரிமோட்டில் இரண்டு குச்சிகள். கட்டைவிரல்களால் நகர்த்த வேண்டும். ஆறு சேனல், அதாவது ஆறு வேலைகளை இயக்கலாம். இன்னொன்று துப்பாக்கி மாதிரி. விரலால் இழுத்தால் வேகம், பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் வண்டி திரும்பும். அதில் மூன்றே சேனல். என் டிப்பருக்கு மண் கொட்டும் பெட்டி தூக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும். குச்சி ரிமோட்தான் வேண்டும் என்று தம்பியிடம் அடித்துச் சொல்லிவிட்டேன்.

தம்பி அதை வண்டியோடு இணைத்து என் கையில் கொடுத்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. முன்சக்கரங்கள் மட்டும் இடமும் வலமுமாக, ஒரு மயிரிழை அளவுக்கு, நடுங்கிக்கொண்டிருந்தன.

"செட்டுல இன்னாவோ கோளாறு கீதுக்கா. இங்க குடுங்க."

அவர் வாங்கினார். நடுக்கம் நின்றது. குச்சியைத் தள்ளிப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. "இப்ப சரியாகீதே" என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் நடுங்கியது.

என் கட்டைவிரலைப் பார்த்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சக்கரங்களுக்குத்தான் தெரிந்தது.

"பேட்டரி டவுனா இருக்கும்" என்றார் தம்பி.

"இருக்கும்" என்றேன்.

என் சித்திக்குப் பார்க்கின்சன் நோய் இருந்தது. கடைசி வருஷங்களில் காபி டம்ளரைத் தூக்கினால் பாதி அவர் மடியில் இருக்கும். கட்டைவிரலில்தான் தொடங்கியது என்று வீட்டில் சொல்வார்கள். அப்போது அவருக்கு ஐம்பது வயது. எனக்கு இப்போது நாற்பத்தெட்டு.

இரண்டு ரிமோட்டையும் ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லித் தம்பி கொடுத்தனுப்பினார். மறுநாள் லேபுக்கு இரண்டு மாதக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்த வயதில் நரம்பு நூல் மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வேலை. "நீ எடுத்துடேன், எனக்குக் கண்ணு எரியுது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் பொய் சொன்னேன். பெரியவர்களுக்கு மணிக்கட்டை அவர்கள் கைமேல் அழுத்தி ஊன்றிக்கொண்டு எடுத்தேன். ஊசி ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இறங்கியது. அதில் எனக்கு நிம்மதி வரவில்லை. அடுத்த ஆளின் கையைப் பார்த்ததும் பயம் புதிதாகத் தொடங்கும்.

சாயங்காலம் வீடு வந்ததும் லாரியைத் தடித்த புத்தகத்தின்மேல் ஏற்றி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, குச்சியைப் பிடித்தபடி பார்ப்பேன். டீயால் வருகிறதோ என்று டீ குடிக்காமலும் பார்த்தேன். வலது கட்டைவிரல், பிறகு இடது. இரண்டிலும் இருந்தது.

நாலாம் நாள், பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார்.

"இன்னாம்மா, வண்டிய ஓட்டாம வீல மட்டும் பாத்துனு கீற?"

"சும்மாதான்."

"நாலு நாளா சும்மாவா?"

ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். சக்கரம் அசையவில்லை. வாங்கிக்கொண்டேன். நடுங்கியது. "பாத்தீங்களா?" என்று கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் கீழே உட்கார்ந்தார். "உங்க சித்தி மாதிரின்னு நினைக்கிறியா?"

"வேற இன்னான்னு நினைக்கிறது?"

"டாக்டர் சொல்லட்டும். நீயா சொல்லிக்காத."

நரம்பு டாக்டரின் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். எதிரே ஒரு பெரியவரின் கை தொடைமேல் ஆடிக்கொண்டிருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். டாக்டரம்மா தாளில் சுருள் வரையச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார், நடக்கவைத்தார். "கை மடியில சும்மா இருக்கும்போது நடுங்குதா, எதையாவது பிடிக்கும்போதா?"

"பிடிக்கும்போதுதான்."

ரத்தப் பரிசோதனைகள் முடிந்து இரண்டாம் முறை போனபோது, இது பார்க்கின்சன் இல்லை என்றார். சிலருக்கு வரும் வேறு வகை நடுக்கம். இப்படியே நிற்கலாம், மெல்லக் கூடவும் செய்யலாம், தேவைப்பட்டால் மாத்திரை இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள். எனக்குக் 'கூடலாம்' மட்டும்தான் கேட்டது. திரும்பும் ரயில் பங்காருபேட்டை தாண்டியபோது வீட்டுக்காரர், "இல்லன்னுதானே சொன்னாங்க" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார்.

லேப் மேலதிகாரியிடம் சொல்லப் போன காலையில் வேலையே போய்விடும் என்று பயந்தேன். அவர் குழந்தைகளுக்கு எடுக்கும் வேலையை மட்டும் வேறொருவருக்கு மாற்றினார்.

ரிமோட்டில் துப்பாக்கி மாதிரியானதையே எடுத்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு அதன் சின்னச் சக்கரத்தை முழுக்கையால் திருப்பினால் என் நடுக்கம் வண்டிவரை போவதில்லை. விளக்கும் ஹாரனும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"இன்னாக்கா, குச்சிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்களே?" என்று தம்பி கேட்டார். சொன்னேன். அவர் குச்சி ரிமோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அன்னிக்கே தெரிஞ்சுதுக்கா. சொல்லத் தைரியம் வரல."

அடுத்த ஞாயிறு டிப்பரில் மண் நிரப்பி ஓட்டினேன். சரிவில் ஏறும்போதும் முன்சக்கரங்கள் நேராகவே நின்றன. நான் அவற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, முன்னால பள்ளம்!" என்று தம்பி கத்துவதற்குள் லாரி மழைநீர் அரித்த பள்ளத்தில் கவிழ்ந்தது. இருவரும் ஓடிப்போய்த் தூக்கினோம்.