வெள்ளிக்கிழமைச் சூப்பு

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் யாராவது ஜப்பான் என்று வாயைத் திறந்தால் போதும், சச்சிதானந்தன் கதையைப் பறித்துக்கொள்வான். டவுன்ரவுனில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவப் போனவன், சூப்புப் பானைக்கு மாறி, பிறகு மீன் வெட்டும் கத்திக்கும் உயர்ந்தவன். அந்த நாள் தொட்டு அவன் வாய்க்குப் பூட்டில்லை. பிறந்தநாள் பார்ட்டிகளில் மட்டன் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருப்பவர்களை மறித்து, "பச்சை மீன் தின்னுறதுக்கும் ஒரு படிப்பு வேணும் அண்ணை" என்று தொடங்குவான். கேட்பவர்கள் மெல்ல வடைத் தட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். மனைவி சந்திரவதனா மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பாள். புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் எண்ணம். இவனுக்கு வந்த வினையே அதுதான்.

மகள் மயூரி குழந்தையாக இருந்தபோது ரொறன்ரோக் குளிர் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இழுப்பு வந்தால் விடியும்வரை விசிலடிக்கிற மூச்சு. டொக்டர் மருந்தை உறிஞ்சுகிற பம்ப் கொடுத்தார். சந்திரவதனா டொக்டரோடு நிற்கவில்லை, முருகனிடமும் போனாள். பிள்ளைக்கு இழுப்பு நின்றால் வெள்ளிக்கிழமைகளில் ஆயுளுக்கும் மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று நேர்ந்தாள். இழுப்பு நின்றது. பம்புக்கு ஒரு நன்றிகூடக் கிடைக்கவில்லை, புகழ் முழுக்க முருகனுக்கே போயிற்று.

விரத நாளில் அவள் சோர்ந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், சச்சி ஒரு வெள்ளிக்கிழமை உணவகத்திலிருந்து மீசோ சூப்பை டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்தான். "சோயா அவரைச் சூப்பு. சுத்த சைவம்" என்றான். அப்போது அவன் கோப்பை கழுவுகிறவன். மெய்யாகவே அப்படித்தான் நம்பினான். சந்திரவதனா ஒரு மிடறு குடித்துவிட்டு, "அவரைக்குள்ளை இப்பிடியொரு ருசியோ!" என்று வியந்தாள். அதன் பிறகு அந்தச் சூப்பில்லாத வெள்ளியே இல்லை என்றாயிற்று.

சூப்புப் பானைக்கு மாறிய அன்றுதான் சச்சிக்கு உண்மை தெரிந்தது. காய்ந்த மீன் சீவல்களை அள்ளிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் அந்தச் சூப்புக்கு அடி. அடுத்த வெள்ளி யாருக்கும் தெரியாமல் கடற்பாசியை மட்டும் அவித்து ஒரு சூப்பு வைத்துக் கொண்டுபோனான். சந்திரவதனா முகத்தைச் சுளித்தாள். "என்னப்பா, இண்டைக்குச் சூப்பிலை உயிரே இல்லை?" அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பழைய சூப்பே வந்தது. வருஷங்கள் ஓடின.

தொண்ணூற்றேழில் உணவகத்துக் கிறிஸ்மஸ் பார்ட்டியில் குலுக்கல் வைத்தார்கள். முதற்பரிசு, குடும்பத்தோடு ஜப்பான் போய்வரும் டிக்கெட். சச்சியின் பெயர் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், அவன் மட்டும் தட்டவில்லை. ஒரு நாடு முழுக்க அந்தச் சூப்பு. எந்தச் சந்தில் வைத்துக் குட்டு உடையுமோ?

வசந்தத்தில் போய் இறங்கினார்கள். ஓசாகாவில் சச்சி முன்னால் நடந்தான், வழிகாட்டி மாதிரி. கணவாய் உருண்டை என்று நினைத்து வாங்கிக் கொடுத்ததற்குள் எட்டுக்கால் பேய்க்கணவாயின் துண்டொன்று, பார்த்தாலே மயிர்க்கூச்செறியும்படி, சுருண்டு கிடந்தது. சந்திரவதனா அதைக் கைலேஞ்சித் துணிக்குள் மரியாதையாக அடக்கம் செய்தாள். சூஷிக் கடையொன்றில், தானும் இந்தத் தொழில்தான் என்று கிழட்டுச் சமையல்காரருக்குக் கையால் விளக்கினான். தன் கைப்பட்ட மாம்பழ ரோலையும், அதற்குள் வைக்கிற கிரீம் சீஸையும் படம் கீறிக் காட்டினான். செத்தவீட்டுக்கு வந்தவர்போலக் கிழவர் தலையைக் குனிந்தார்.

"அப்பா, உங்கட ரோல் இஞ்சை ஒருத்தருக்கும் தெரியேல்லையே. ஆர் யூ ஷுவர் திஸ் இஸ் ஜப்பான்?" என்றாள் மயூரி.

கியோட்டோவில் வெள்ளிக்கிழமை வந்தது. சச்சி கோயில், பூங்கா என்று நல்ல சைவமான திட்டம் போட்டிருந்தான். மயூரியோ சந்தைக்குத்தான் போகவேண்டும் என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே ஒரு கடையில் ஒரு பெண் பழுப்பு நிறக் கட்டை ஒன்றைத் தச்சன் மாதிரிச் சீவிக்கொண்டிருந்தாள். சந்திரவதனா நின்றாள். மூக்கை விரித்தாள்.

"இஞ்சருங்கோ, உது மாசியெல்லே? சீனிச் சம்பலுக்குப் போடுற மாசிக்கருவாடு!"

"சீச்சீ. உது வாசனைக் கட்டையப்பா. சாமிக்குப் புகைக்கிறது. வாரும், வாரும்."

கடைக்காரி சிரித்தபடி அந்த "வாசனைக் கட்டை"ச் சீவலை ஒரு கை அள்ளிக் கொதிக்கிற பானைக்குள் போட்டாள். வடித்தாள், மீசோவைக் கரைத்தாள், சின்னக் கிண்ணத்தில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். சந்திரவதனா மறுக்கத் தெரியாமல் வாங்கி ஒரு மிடறு குடித்தாள். அதே வெள்ளிக்கிழமை ருசி. அவள் முகத்தைப் பார்த்ததும் சச்சிக்கு விளங்கிவிட்டது, கதை முடிந்தது.

ஏச்சு விழும் என்று காத்திருந்தான். விழவில்லை. சந்திரவதனா கிண்ணத்தை வைத்துவிட்டு மயூரியை இழுத்து, சந்தை நடுவில், பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள்.

"அம்மா! எல்லாரும் பாக்கினம்!"

அவள் விடவில்லை. பழைய விசில் கேட்கிறதா என்று பிள்ளையின் முதுகிலும் காதை வைத்தாள். சச்சி இத்தனை காலம் பயந்ததெல்லாம் தன் தோலுக்காகத்தான். நேர்த்தி முறிந்தால் இவள் பிள்ளையின் மூச்சுக்குப் பயப்படுவாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும்போல் இருந்தது.

"எப்ப தொட்டுத் தெரியும்?" என்றாள் நிமிராமலே.

"சூப்புப் பானைக்கு மாறின நாள் தொட்டு."

"அப்ப, அண்டைக்கு ஒருநாள் உயிரில்லாமல் வந்தது?"

"அதுதான் சைவம்."

மயூரியின் மூச்சு சீராகப் போய்வந்துகொண்டிருந்தது. சந்திரவதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "முருகன் பெரிய மனசுக்காரன், பொறுத்துப்போட்டார். நான் பொறுக்கமாட்டன். இண்டையிலை இருந்து வெள்ளி விரதம் உங்களுக்கும். ஆயுளுக்கும். சூப்பும் கிடையாது."

"ஓம்" என்றான் சச்சி.

பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். ஜப்பான் சாப்பாட்டில் கரைகண்டவனுக்கு முன்னால் வெறும் வெள்ளைச் சோறும் ஒரு புளிப்பு ஊறுகாயும் வந்தன. மயூரிக்கு முன்னால் நெருப்பில் வாட்டிய விலாங்கு மீன், பளபளவென்று. சந்திரவதனாவுக்கு முன்னாலும் அதே விலாங்கு.

சச்சி எச்சிலை விழுங்கினான். "நீர்? இண்டைக்கு வெள்ளியெல்லே?"

சந்திரவதனா நல்லதொரு துண்டாகப் பார்த்து எடுத்தாள்.

"நான் முருகனுக்கு வாக்குக் குடுத்தது ரெக்ஸ்டேலிலை. அங்கை இன்னும் வியாழக்கிழமை."