தொட்டியில் காட்டிய மின் திருக்கை

கடலடிப் பாறைத் திட்டுகளை மீனவர்கள் 'பார்' என்பார்கள். அவற்றின் ஓரம் மணலில் புதைந்து வாழும் மின் திருக்கை இப்போது அரிதாகிவிட்டது. அதை உயிரோடு காட்டுவதாக ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் விளம்பரம் செய்திருந்தார். அதை நம்பி, அறுவடை முடிந்த மாசியில், மைத்துனர் செல்வராசுவின் காரில், அவரே ஓட்ட, மன்னார்குடியிலிருந்து காலை ஐந்தரைக்குப் புறப்பட்டேன். திருத்துறைப்பூண்டி வழியாக, வேதாரண்யம் தாண்டிய கடற்கரைக்கு இரண்டு மணி நேரம். கட்டணம் தலைக்கு முந்நூறு ரூபாய்.

'காட்டுவது' என்பதற்கு அவர் கொண்டிருந்த பொருள், வெயிலில் வைத்த நீல பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் சோற்றுத் தட்டளவில் ஒரு பழுப்புத் திருக்கை. வரிசையில் நின்றவர்கள் அதைத் தொட்டு, அதிர்ந்து, சிரித்துப் படமெடுத்தார்கள். தற்காப்புக்கென்று உடலில் சேர்த்த மின்சாரத்தை அது ஒவ்வொரு விரலுக்கும் செலவழித்தது. எங்கள் முறை வந்தபோது எதுவும் நிகழவில்லை.

"சார்ஜ் இறங்கிடுச்சு. கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தா ஏறிடும் சார்," என்றார் ஏற்பாட்டாளர்.

"தண்ணி சூடேறிப் போச்சுங்க, அதான்," என்ற செல்வராசு, அடிபம்பிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினார். அவர் வயல்காரர், வாய்க்காலில் பிடித்த விராலை அண்டாவில் போட்டு, நல்ல தண்ணீர் மாற்றி நாள்கணக்கில் உயிரோடு வைத்திருப்பவர். கடல் மீனுக்கு அதே நல்ல தண்ணீர் நஞ்சு. திருக்கை சுருண்டது. ஏற்பாட்டாளர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது கடல் மீன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று அவரைக் கேட்டேன்.

"தெரியும் சார். செத்தா நாளைக்கு வேற மாட்டும். ஏன் டென்ஷன் ஆவுறீங்க?"

நான் குரலை உயர்த்தவில்லை. "மாப்ள, அந்தப் பக்கம் புடிங்க," என்று தொட்டியின் விளிம்பைப் பற்றினேன்.

"அடுத்த வேன் வந்துக்கிட்டிருக்கு சார்!"

"வரட்டும். கடலைக் காட்டுங்க."

இடுப்பளவு நீரில் தொட்டியைச் சரித்தோம். அடிமணலில் விழுந்த திருக்கை அசையவில்லை. செல்வராசு குனிந்து, கையால் மெல்ல நகர்த்தப் பார்த்தார். அடுத்த கணம், "ஐயோ அத்தான்!" என்று கழுத்தளவு நீரில் உட்கார்ந்தார்.

எழுந்தவர் மரத்த கையைத் தடவிக்கொண்டே, "விரால்னு நெனச்சது தப்புதான், ஒத்துக்குறேன். அதுக்குன்னு இப்புடியா?" என்றார். அடியில் கலங்கிய மணல் மட்டுமே இருந்தது.

செல்ல விரும்புவோருக்கு: சாலை நன்று, எட்டு மணிக்கு மேல் வெயில் கடுமை. தொட்டியில் வைத்துக் காட்டுபவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மீனவர் வலையில் திருக்கை தற்செயலாக ஏறினால், தொடாமல், படமெடுக்க நேரம் கேட்காமல், பிடித்த பாரிலேயே இறக்கிவிடச் சொல்லுங்கள். அதன் வலிமையைச் சோதித்தறிய ஆசைப்படுவோர் எங்கள் அனுபவத்தையே போதுமானதாகக் கொள்ளலாம்: திரும்பும்போது திருத்துறைப்பூண்டி வரை காரை நான்தான் ஓட்டினேன்.