தமிழ் சும்மா டிசைனுக்கு

காலை ஒன்பது ஐம்பது. நந்தனம் அலுவலகத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, என் மேஜைமேல் கிடந்த ஒரு கட்டுப் பச்சை கவர். ஒவ்வொன்றிலும் ஓர் இலைப் படம், கீழே கொட்டை எழுத்தில் 'மண்ணில் மக்கும் பை'. எதிரே நாற்காலி இருந்தும் உட்காராமல் ஒரு பெண் நின்றிருந்தார். பெயர் கஸ்தூரி. மயிலாப்பூர் குளத்தருகே பூக்கடை.

"இன்னா சார் இது? பச்சையா கீது, இலை போட்டுக்கீது, மக்கும்னு எய்திக்கீது. அத நம்பித்தானே வாங்குனேன்? இப்ப பிளாஸ்டிக்காம். தடை பண்ணதாம். கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டர் திங்கக்கெயம திரும்பி வராராம். கடை எடத்தையே எடுத்துடுவாராம்."

நான் நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். விளம்பரங்களில் வரும் சுற்றுச்சூழல் வாசகங்களை விசாரிக்கும் குழுவில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பொருளின் மேல் அச்சிட்டதும் எங்களுக்கு விளம்பரம்தான். அதை மாற்றச் சொல்லலாம். கடையைக் காப்பாற்ற அதிகாரமில்லை. அதைச் சொன்னேன்.

"எம்மேல தப்பு இல்லன்னாவது எய்திக் குடு சார்."

கவரைத் திருப்பினேன். அடியில், மடிப்புக்குள் மறையும் இடத்தில், ஆங்கிலத்தில் பொடி எழுத்து: டிகிரேடபிள் பிளாஸ்டிக். வெயில் பட்டால் துணுக்குத் துணுக்காக உடையும் என்று பொருள். மக்குவது வேறு. துணுக்குகள் மண்ணில் அப்படியே கிடக்கும்.

மறுநாள் தி.நகரிலிருந்து கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர் வந்தார்.

"இங்கிலீஷ்ல கரெக்டாதான் சார் போட்டிருக்கோம். அதான் லீகல் டெக்ஸ்ட். தமிழ் சும்மா டிசைனுக்கு."

"வாங்குறவங்க எதைப் படிப்பாங்க?"

"கவரையெல்லாம் யாரு சார் படிக்கிறாங்க!"

அன்றும் வந்து வராந்தா பெஞ்சில் காத்திருந்த கஸ்தூரியின் குரல் வந்தது. "நான் படிச்சேன் நைனா. படிச்சதாலதான் மாட்டிக்கினேன்."

மேனேஜர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு மொழியில் அச்சானதை முதலில் தமிழில் படியுங்கள். சட்டம் பேசுபவர் ஆங்கிலத்தைக் காட்டுவார். கடையில் நிற்பவர் தமிழைத்தான் படித்திருப்பார்.

குழு மாதக் கடைசியில்தான் கூடும். திங்கட்கிழமை அதற்கு முன்பே வந்துவிடும். உட்கார முடியவில்லை. உறுப்பினர்கள் மூவரையும் ஃபோனில் துரத்தினேன். அடையாறிலிருந்த ஒருவர், "ஒரு கவருக்கா சார் இவ்வளவு அவசரம்?" என்றார். கடைக்கு, என்றேன். சனிக்கிழமை கூடினார்கள். 'மக்கும்' என்ற சொல்லை நீக்க வேண்டும், கடைகளுக்குப் போன கவர்களைத் திரும்பப் பெற வேண்டும் என்று உத்தரவாயிற்று. கஸ்தூரிக்கும் ஒரு பிரதி கொடுத்தோம்.

திங்கள் காலை அலுவலகம் திறக்குமுன்பே வாசலில் நின்றிருந்தார். நான்கு பக்க உத்தரவை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"இன்ஸ்பெக்டர் மத்தியானம் வராரு சார். இதுல நான் எந்த எடத்த காட்டணும்?"

மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தைத் தேடி எடுத்தேன். அதற்கு நேரே, ஓரத்தில், அதையே பென்சிலால் எழுதினேன்: 'இந்த வாசகத்தை நம்பி வாங்கிய வியாபாரிகள் ஏமாற்றப்பட்டிருக்கிறார்கள்.'

அன்று பகல் முழுக்க எந்தக் கோப்பும் ஓடவில்லை. மாலையில் ஃபோன் வந்தது.

"போய்ட்டாரு சார். கடை கீது. எல்லாப் பக்கத்தையும் பொரட்டிப் பாத்தாரு. பென்சில்ல இருந்தத மட்டும் படிச்சாரு."

அந்த உத்தரவில் தமிழில் இருந்தது அந்த ஒரு வரிதான்.