கடைசி யாரு?

வித்தோல்த் சோபலா துணை அமைச்சரானது தலைநகர் வார்சாவில். ஆனால் அவருடைய அரசியல் எங்கள் ஊர் இறைச்சிக்கடை வாசலில், வரிசைப் பட்டியலில் தொடங்கியது.

அப்போது அவர் லினன் துணி மில்லில் தறி மெக்கானிக். கடைக்குச் சரக்கு வருமுன்பே வரிசை நின்றுவிடும். வருகிறவர்கள் “கடைசி யாரு?” என்று கேட்டு அந்தக் கடைசி ஆள் பின்னால் நிற்பார்கள். வித்தோல்த் பள்ளிக்கூட நோட்டில் பெயர் எழுதிக் காலையில் வாசிப்பார். குரல் கொடுக்காதவர் பெயர் போய்விடும். ஒருநாள் தன் மனைவி பெயரையே அடித்துவிட்டார்.

“பொண்டாட்டின்னு கூட பாக்கலியே நீங்க!”

“பாத்தேனே. அதான் ரெண்டு தடவை கூப்பிட்டேன்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. எண்பத்தொன்பதில் தேர்தல் வந்தபோது அந்த நோட்டை நம்பித்தான் ஊர் அவருக்கு ஓட்டுப் போட்டு வார்சாவுக்கு அனுப்பியது.

மறுவருஷம் அவர் சேர்ந்த அரசாங்கம் விலைக்கட்டுப்பாட்டை எடுத்தது. கடைகளில் பொருள் நிறைந்தது, வரிசை மறைந்தது. கிழக்கு நாடுகளில் எங்கள் மில் துணியை வாங்கியவர்களும் மறைந்தார்கள். அரசாங்க மில்லை மூடுகிற செய்தியை அவர் கடிதத்தில் அனுப்பவில்லை. தானே வந்து மில் வாசலில் நின்று சொன்னார். கிராமத்திலிருந்து பத்தொன்பது வருஷம் அங்கே நடந்துபோய் நெய்த என் அம்மா யாத்விகா முன்னால் வந்தாள்.

“அன்னிக்கு உங்க பொண்டாட்டி பேரை அடிச்சீங்க. இன்னிக்கு எங்க எல்லார் பேரையும் அடிச்சிட்டீங்க, ஐயா.”

அவர் தொப்பியைக் கழற்றினார்.

தொண்ணூற்றுமூன்று தேர்தலில் அவர் மறுபடி நின்றார். ஜெயிக்கமாட்டார் என்பது அவருக்கே தெரியும். தோற்றபின் இந்த ஊரிலேயே வாழ விடுவார்களா என்பதுதான் அவர் கவலை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதல் ஓட்டு. சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் ஒரேயடியாக வந்ததால் பள்ளிக்கூட வாசலில் வரிசை; பல வருஷம் கழித்துப் பார்த்த வரிசை. தேர்தல் அலுவலர் அவரை நேரே உள்ளே வரச்சொல்லிக் கையசைத்தார். அவர் போகவில்லை.

“கடைசி யாரு?”

யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நின்றது நான். முன்னால் நின்ற மில் பெண்களைப் பார்த்தேன், எல்லாம் முதுகுதான். அவர் அப்படியே நின்றார். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

“நான்தான். என் பின்னாடி நில்லுங்க. ஓட்டு உங்களுக்கு இல்ல, இடம் மட்டும்தான்.”

“இடம் போதும்மா.”

“தொப்பியைப் போடுங்க, காத்து அடிக்குது.”

அவர் தோற்றார். அம்மா சொன்னபடியே அவருக்குப் போடவில்லை. நான் போட்டேன், அதை அவளிடம் பிறகுதான் சொன்னேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், படித்ததும் பொருளாதாரம்தான். அந்த வருஷங்களின் கணக்கை இப்போது கோடு போட்டு விளக்கத் தெரியும். ஆனாலும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த நோட்டும் அந்தக் குரலும்.

வித்தோல்த் இங்கேயே தையல் மிஷின் ரிப்பேர் செய்துகொண்டு இருந்துவிட்டார். ரொட்டிக்கடையில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் கேட்பார், “கடைசி யாரு?”

அம்மா இருந்தால் திரும்பிப் பார்க்காமலே சொல்வாள், “நான்தான். நில்லுங்க.”